கியாரண்டிக்கும் வாரண்டிக்கும் நடுவே ஒரு பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

என் பெயர் தைத்த பெட்டிகள் இன்று காலை லாரியில் வந்து இறங்கின.

எழுதும்போதே கை பரபரக்கிறது. இத்தனை காலம் எவன் எவனோ பெயர் போட்ட சூட்கேஸ்களைத் துடைத்துத் துடைத்து அலமாரியில் அடுக்கினேன். இன்று மூடியின் இடது மூலையில் நீல நூலில் என் பெயர். முதல் பெட்டியைப் பிரித்ததும் தடவிப் பார்த்தேன். இரண்டாவதையும் தடவினேன். மூன்றாவதற்குப் போனபோது, "மாமா, எல்லாத்துலயும் ஒரே பேருதான் இருக்கும், படிச்சுக்கிட்டே போகாதீங்க" என்றான் மைத்துனன்.

மனைவியின் தம்பி. கடையின் பின்பக்கம் பழுது பார்க்கும் மேசை அவனுடையது. செய்வது தையல், உடம்போ குச்சி. கடைத்தெரு முழுக்க அவனை ஊசி என்றுதான் கூப்பிடும். நாக்குக்கும் பொருத்தமான பெயர்தான்.

வழக்கமான சோதனை. பெட்டியைத் தரையில் படுக்க வைத்து மேலே ஏறி நின்றேன். என் எடையை இங்கே எழுதப்போவதில்லை. பெட்டி முனகக்கூட இல்லை. நடைபாதையில் துணி விரித்துப் பை விற்ற காலத்திலிருந்தே என் விளம்பரம் இதுதான். வாயால் சொல்வதைவிடக் காலால் சொன்னால் ஜனம் நம்புகிறது.

மாலை போன் வந்தது. ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய கடையின் கொள்முதல் மேடம். பெட்டியைப் பார்க்க அடுத்த வாரம் வருகிறார். அவர்கள் எடுத்துக்கொண்டால் எல்லாக் கிளையிலும் என் பெயர் நிற்கும். எடுக்காவிட்டால் இவ்வளவு சரக்கையும் இந்த ஒரே கடையில் வைத்துக்கொண்டு அதன்மேல் நானே ஏறி ஏறி நிற்க வேண்டியதுதான். கையில் இருந்ததெல்லாம் இதில் போட்டாயிற்று. பயமா? பயம்தான். ஆனால் இந்தப் பயம் இனிக்கிறது.

மார்ச் 4, புதன்

பெட்டிக்குள் வைக்கும் அட்டைக்காக அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "தலைப்புல என்ன போடட்டும்? கியாரண்டி கார்டா, வாரண்டி கார்டா?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அடிக்கிற எனக்கு ரெண்டும் ஒரே கூலிதான். குடுக்கிற உங்களுக்கு எப்படின்னு நீங்கதான் சொல்லணும்."

வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன சொல் எது என்று கேட்டால், மனைவி பெயருக்கு முன்னால் கியாரண்டிதான் வரும். அதைச் சொல்லும்போது கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. வாரண்டி என்று சொல்லிப் பார்த்தேன். கை மேசைமேல் காகிதம் தேடியது.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். கியாரண்டி: உத்தரவாதம். வாரண்டி: உத்தரவாதம். எழுதிய புண்ணியவான் ஒரு பெட்டிகூட விற்றிருக்க மாட்டார்.

மனைவிக்கு ஒரு குழப்பமும் இல்லை. "கியாரண்டின்னா கெட்டுப்போனா புதுசு தருவாங்க. வாரண்டின்னா கெட்டதையே தட்டிக்கொட்டித் திருப்பித் தருவாங்க. இதுக்குப் போய் புக்கா?"

"அப்போ உனக்கு நான் எது?"

"வாரண்டிதான். அதுவும் எப்பவோ முடிஞ்சு போச்சு. இப்போ செலவு பண்ணித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்."

மார்ச் 5, வியாழன்

மகளிடம் கேட்டேன். சட்டம் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். நான் போன் செய்தாலே பணமா உடம்பா என்று கேட்பவள், இன்று இங்கிலீஷ் சந்தேகம் என்றதும் குதூகலமாகிவிட்டாள்.

"அப்பா, அது ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுப்பா! பழைய பிரெஞ்சுல ஒரே சொல்லு. ஒரு பக்கத்து ஆளுங்க 'க'ன்னு ஆரம்பிச்சுச் சொன்னாங்க, இன்னொரு பக்கத்து ஆளுங்க 'வ'ன்னு ஆரம்பிச்சுச் சொன்னாங்க. இங்கிலீஷ்காரன் ரெண்டையும் வாங்கி வச்சுக்கிட்டான். கார்டியன், வார்டன் இருக்கு பாருங்க, அதுவும் இதே கதைதான்."

அப்படியானால் நான் அவள் கார்டியன், விடுதியில் அவளைத் திட்டுகிற அம்மாள் வார்டன். இரண்டு பேரும் ஒரே சொல்லின் பிள்ளைகள். ஆனால் அந்த அம்மாள் பேச்சைத்தான் கேட்கிறாள்!

கூடப் பிறந்தாலும் குணம் வேறாம். கியாரண்டி பெரிய ஊர்சுற்றி, எங்கும் போகும். பொருளுக்குத் தரலாம், ஆளுக்கும் தரலாம், வங்கியில் ஒருவனுக்காக இன்னொருவன் கையெழுத்துப் போடுவது போல. நாளை மழை வரும் என்பதற்கும் தரலாம். வாரண்டி அப்படி ஊர் சுற்றாது. அது விற்கிற பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும். எத்தனை மாதம், எது சேரும், எது சேராது என்று எழுதி வைத்தால்தான் வாய் திறக்கும். அவள் பாடத்தில் இன்னொன்றும் இருக்கிறதாம்: வாரண்டி என்று சொன்னதை மீறினால் நஷ்டஈடு கேட்கலாம், சரக்கையே வேண்டாம் என்று திருப்பி அடிக்க முடியாது. போலீஸ்காரன் கொண்டுவருகிற வாரண்ட்டும் இந்தக் குடும்பமாம்.

"எதுக்கும் அந்தக் குடும்பத்தோட அளவா பழகுங்கப்பா" என்றாள்.

நாள் முழுக்க இதே விளையாட்டு. டீக்கடையில், "இன்னைக்கு டீ நல்லா இருக்கும், கியாரண்டி" என்றேன். டீக்காரர் சிரித்தார். "இன்னைக்கு டீ நல்லா இருக்கும், வாரண்டி" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார்.

மார்ச் 6, வெள்ளி

அச்சகக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார். இன்னும் யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஒரே ஒரு சொல்லுக்காக நான் யோசிக்கிறேன்!

மார்ச் 9, திங்கள்

மேடம் போனில் சொல்லிவிட்டார். "கார்டுல வாரண்டின்னு மட்டும் போடுங்க சார். கியாரண்டி வேண்டாம்."

"ஏன் மேடம்? நல்ல சொல்லுதானே?"

"நல்ல சொல்லுதான். ஆனா சக்கரம் போச்சுன்னு வர்றவங்க எல்லாரும் புதுசு கேட்டா, ஒவ்வொரு கிளையிலும் மாத்திக் குடுக்கவே தனியா பெட்டி அடுக்கணும். வாரண்டின்னா வாங்கி வச்சு, ரிப்பேருக்கு அனுப்பி, வந்ததும் குடுத்துடுவோம்."

"எப்ப வரும்?"

"வரும்போது வரும் சார்."

இங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. வரும்போது வரும் என்ற பதிலைக் கேட்டு நொந்துபோன ஜனத்தை இழுத்துத்தான் நான் கடையையே வளர்த்தேன். என் கடை வழக்கம் வேறு. ஒரு வருடத்துக்குள் பெட்டி கெட்டால் கேள்வி கிடையாது, புதுசு. அது மட்டுமில்லை. திரும்பி வந்த பெட்டியை வாடிக்கையாளர் கண் முன்னாலேயே கத்தியால் கிழித்துப் போடுவேன். நான் திருப்பி வாங்கிய பெட்டிகளை ஒட்டுப்போட்டுப் புதுசென்று விற்பதாக எதிர்க் கடைக்காரன் கிளப்பிவிட்டபோது ஆரம்பித்த வழக்கம். முதல் பெட்டியைக் கிழித்த அன்றே அவன் பேச்சும் கிழிந்தது. இன்றுவரை சிலர் இதைப் பார்ப்பதற்கென்றே நிற்பார்கள்.

"வியாழக்கிழமை வாங்க மேடம். என் கியாரண்டி எப்படின்னு கண்ணால பாருங்க. அப்புறம் சொல்லுங்க" என்றேன்.

மார்ச் 11, புதன்

ஊசியோடு வாக்குவாதம்.

"மாமா, நீங்க கிழிச்சுப் போடற பெட்டில பாதி, நான் ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சரி பண்ணிடுவேன்."

"நீ ஒட்டுப் போட்டுக் குடுத்தா என் கடைப் பெட்டி ஒட்டுப் பெட்டின்னு பேராயிடும்."

"வேற கடையில வாங்கின பெட்டிக்கெல்லாம் கூலி வாங்கி ஒட்டுப் போடலாம், நம்ம பெட்டிய மட்டும் கத்தியால குத்தணும். நல்ல நியாயம் உங்க நியாயம்!"

"அது வியாபாரம்டா. இது மானம்."

"உங்க மானத்துக்கு வாராவாரம் ஒரு சூட்கேஸ் பலியாகுது" என்று போய்விட்டான். அவன் மேசை இருப்பது கழிவறைக்குப் போகும் நடையில். வாடிக்கையாளர் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நான்தான் அங்கே போட்டேன். பழுது பார்க்கும் மேசையைப் பார்த்தால் இந்தக் கடைப் பெட்டி கெட்டுப்போகும் போல என்று ஆள் நினைக்கக்கூடாதில்லையா?

நாளை மேடம் வருகிறார். சட்டை எடுத்து வைத்தாயிற்று. தூக்கம் வருமா பார்ப்போம்.

மார்ச் 12, வியாழன்

முதலில் நல்லதை எழுதிவிடுகிறேன். மேடம் சாமர்த்தியக்காரி. வந்ததும் உட்காரவில்லை. பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். வாசல் படியில் தடதடவென்று இழுத்தார். ஜிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு, காதை வைத்துக் கேட்டபடி இழுத்தார். நான் ஏறி நிற்கப் போனபோது, "நீங்க பழகினவர் சார், நான் நிக்கிறேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு அவரே ஏறி நின்றார். எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து, வாசலில் பெரிய குரல். "அண்ணே! சக்கரம் புட்டுக்கிச்சு! கியாரண்டி இருக்குல்ல?"

கப்பலில் சமையல் செய்கிறவர். போன வருடம் ஏப்ரலில் என்னிடம்தான் துணிப் பெட்டி வாங்கினார். காலிப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தார். மேடம் என்னைப் பார்த்து, "ஆள் ஏற்பாடு பண்ணி வரவச்சீங்களா?" என்று கேட்டார். சத்தியமாக இல்லை. ஆனால் ஏற்பாடு பண்ணியிருந்தால்கூட இவ்வளவு அழகாக வந்திருக்காது. உள்ளுக்குள் நான் துள்ளிக்கொண்டிருந்தேன்.

"கேள்வியே கிடையாது! புதுசு எடுத்துக்குங்க!" என்று என் பெயர் போட்ட பெட்டியின் கைப்பிடியை அவர் கையில் திணித்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போன் அடித்தது, கப்பல் ஏஜெண்ட் போல. பெட்டியைப் பிடித்தபடியே வாசல் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார். நான் மேடத்திடம், "இப்ப பாருங்க" என்று சொல்லி, பழைய பெட்டியின் மூடியில் கத்தியை இறக்கி மேலிருந்து கீழே ஒரே இழுப்பு.

சமையல்காரர் திரும்பினார்.

சத்தம் போட்டிருந்தால் தேவலை. மெதுவாக வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, மூடியைத் திறந்தார். உட்புறத் துணி முழுக்கப் பேனாவில் வரைந்த படங்கள். தொப்பி போட்ட மீன். கால் முளைத்த கப்பல். கப்பலைவிடப் பெரிய கரண்டியைப் பிடித்திருக்கும் ஒரு மனிதர். என் கத்தி எல்லாவற்றின் நடுவிலும் போயிருந்தது.

"என் மக வரைஞ்சது. நான் கிளம்பற ஒவ்வொரு தடவையும் ஒண்ணு வரைஞ்சு விடுவா" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே."

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். "உங்க கியாரண்டிய பார்த்துட்டேன் சார். அப்புறம் பேசறேன்."

போய்விட்டார்.

மாலை, அதே நாள்

என்ன மனுஷன்யா நான்? வாய் இருக்கு, காது இருக்கு. "புதுசு வேணுமா"ன்னு கேக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு விடற நேரம். அந்தம்மா பாக்கணும், அந்தம்மா அசந்து போகணும் — அதுதானே மண்டைக்குள்ள ஓடுச்சு? அவர் கையில புதுசைத் திணிச்சுட்டா அவர் வாயை அடைச்ச மாதிரிதானே?

எனக்காக ஊசிதான் பேசினான். நடையிலிருந்து வந்து பெட்டியைப் புரட்டிப் பார்த்தான். "கப்பல் எப்போ?"

"திங்கக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை வாங்க. சக்கரம் போட்டு வைக்கிறேன். கிழிசலையும் தைச்சுடறேன். ஆனா கோடு தெரியும். தெரியாதுன்னு பொய் சொல்லமாட்டேன்."

சமையல்காரர் தலையாட்டிவிட்டு, இரண்டு பெட்டியையும் அங்கேயே விட்டு, என்னைப் பார்க்காமல் போனார். ஊசி கத்தியை எடுத்துத் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினான்.

மார்ச் 13, வெள்ளி

அவன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை.

உட்புறத் துணியைத் தையல் பிரித்துத் தனியாக எடுத்தான். பின்னால் மெல்லிய துணி ஒன்றை வைத்து, கிழிந்த இரண்டு ஓரத்தையும் அதன்மேல் சேர்த்தான். கரண்டியின் காம்பு ஒரு பக்கம், கரண்டி இன்னொரு பக்கம். கோடு கோட்டோடு சேரும் வரை நகர்த்தி நகர்த்தி, குண்டூசி குத்தி, பிறகுதான் ஊசியில் நூல் கோத்தான். மீனுக்கு நீலம், கரண்டிக்குக் கறுப்பு.

"தள்ளி நில்லுங்க மாமா. உங்க நிழல் ஒரு ஊருக்கு விழுது."

தள்ளி நின்றேன்.

வாரண்டி ஒரு கஞ்சச் சொல் என்று நினைத்திருந்தேன். கொடுக்க மனமில்லாதவன் காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சொல். என் கியாரண்டிக்குப் பெரிய மனசு, அள்ளிக் கொடுக்கும். சரி, அள்ளிக் கொடுத்தேனே, அந்தப் புதுப்பெட்டியில் மீன் எங்கே? அதற்கு எந்தத் தொழிற்சாலையில் போய் ஆர்டர் கொடுப்பேன்?

மார்ச் 14, சனி

மேடத்திடமிருந்து போன் இல்லை. அச்சகத்திலிருந்து போன். எடுக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

சமையல்காரர் வந்தார். மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். தையல் மேல் விரலை ஓட்டினார். "மீனுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது போலிருக்கே" என்றார்.

சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். ஊசி நான்கையுமே மாற்றியிருந்தான். புதுப்பெட்டியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "எனக்கெதுக்கு ரெண்டு? இருக்கிறது ரெண்டு கை. ஒண்ணுல கரண்டி பிடிக்கணும்."

"மனசுல எதுவும் வச்சுக்காதீங்க" என்றேன்.

"வச்சுக்கிட்டேன் அண்ணே. தம்பி தைச்சதாலதான் வந்தேன்" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு, ஊசியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். என் கையைக் குலுக்கவில்லை. நியாயம்தான்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று முதல் கடையில் புது வழக்கம். கெட்ட பெட்டியோடு யார் வந்தாலும், கை வைப்பதற்கு முன் கேட்க வேண்டும்: புதுசா, அதே பெட்டியா?

முதல் ஆள் ஒரு நர்ஸ். இந்த மாதம்தான் வாங்கினார், ஜிப் சிக்குகிறது. "புதுசுதான், இதென்ன கேள்வி?" என்றார். கொடுத்தேன். ஊசி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

அடுத்து ஊர் ஊராகப் போய் மருந்துக் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிறவர். கைப்பிடி பாதியில் நின்றுவிட்டது. "அதே பெட்டிதாங்க. புதுசுன்னா ஷேவிங் செட் எந்தப் பையில, சாக்ஸ் எந்தப் பையிலன்னு மறுபடி மொதல்லேர்ந்து பழகணும். இருட்டுல கை விட்டாலே கிடைக்கும் இப்போ."

இருட்டில் கை விட்டாலே கிடைக்கும்! இந்த விளம்பரம் எனக்கு ஏன் தோன்றவில்லை?

மார்ச் 21, சனி

வாரம் முழுக்கக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, நல்ல பைத்தியம். ஒரு புதுமணத் தம்பதி. பெண் புதுசு என்கிறாள், அவன் அதே என்கிறான். "கல்யாணத்துக்கு அப்புறம் முதல் பயணம் போன பெட்டிடி" என்கிறான். "அதனாலதான் மாத்தணும், அந்தப் பயணத்துல நீ என்னை எங்கே கூட்டிட்டுப் போனேன்னு ஞாபகம் இருக்கா?" என்கிறாள். கடையே சிரித்தது. கடைசியில் அதே பெட்டி.

இப்போது எனக்குப் புரிந்ததை எழுதி வைக்கிறேன். வாங்கிப் பயணம் போகாதவர்கள் புதுசு கேட்கிறார்கள். போய் வந்தவர்கள் பெரும்பாலும் அதே பெட்டியைக் கேட்கிறார்கள். எல்லாரும் இல்லை, ஒருவர் எவ்வளவோ ஊர் சுற்றிய பெட்டியை என் மேல் எறியாத குறையாகப் போட்டுவிட்டுப் புதுசை வாங்கிப் போனார். ஆனால் பெரும்பாலும்.

அதே பெட்டி என்றால் எனக்கு ஆவது ஒரு சக்கரம், ஊசியின் கொஞ்ச நேரம். புதுசு என்றால் ஒரு முழுப் பெட்டி. இத்தனை வருடம் கேட்காமலே முழுப் பெட்டியாக அள்ளிக் கொடுத்திருக்கிறேன்! மனசாட்சியும் லாபமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பார்த்துவிட்டேன். இனி விடுவேனா?

மேடம் இன்னும் கூப்பிடவில்லை. பரவாயில்லை. நானே போகிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

கண்ணாடிச் சுவர் வைத்த அறை. மேடம் நிமிர்ந்து பார்த்து, "வாங்க சார். கத்தி கொண்டு வரலையே?" என்றார்.

"பறிமுதல் பண்ணிட்டாங்க மேடம்."

சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் காலை வைத்து நுழைந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், சமையல்காரர் என் கையைக் குலுக்காததையும் சேர்த்து. அட்டையில் என்ன எழுத நினைக்கிறேன் என்றும் சொன்னேன்: ஒரு வருடத்துக்குள் கெட்டால் புதுசா அதே பெட்டியா என்று வாங்கியவரே சொல்லலாம்.

"அழகா இருக்கு சார். ஆனா எல்லாரும் புதுசுதான் சொல்லுவாங்க."

"சொல்லமாட்டாங்க மேடம். நீங்க என்ன பெட்டி வச்சிருக்கீங்க?"

"நானா? வேலைக்குச் சேர்ந்தப்போ வாங்கினது ஒண்ணு. கைப்பிடி உடைஞ்சு ரிப்பன் கட்டி வச்சிருக்கேன்."

"என் பேரு போட்டது ஒண்ணு தரேன். காசு வேண்டாம். அதை என்கிட்ட குடுத்துடுங்க."

பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "கைப்பிடி மட்டும் மாத்த முடியுமா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எப்போது வாயை மூடவேண்டும் என்பதும் வியாபாரம்தான்.

"சிரிக்காதீங்க சார். என் பெட்டி வேற, என் கம்பெனி வேற" என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு ஆரம்பித்தது பாருங்கள் பேரம்! எத்தனை நாளில் சரி பண்ணித் தருவீர்கள், மாற்றிக் கொடுக்கும் பெட்டி யார் கணக்கு, பழுது பார்க்கக் கிளைகளில் யார் உட்காருவார், உதிரி சாமான் தீர்ந்தால் என்ன செய்வீர்கள். நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று குறைக்க, தொண்டை வறண்டுவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் சண்டை போட்டதில்லை.

கடைசியில், "தலைப்புல வாரண்டின்னுதான் இருக்கணும். எங்க வக்கீல் கியாரண்டிங்கற சொல்லைப் பார்த்தாலே படுத்துடுவார்" என்றார்.

சரி என்றேன். தலைப்பு அவர்களுக்கு, உள்ளே இருப்பது எனக்கு. கடையில் நின்று சொல்லும்போது என் வாயை எந்த வக்கீல் வந்து மூடுவார்?

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 25, புதன்

ஊசியிடம் சொன்னேன். மேடத்தின் பெரிய கிளையில் பழுது பார்க்க மேசை போட வேண்டும், ஆட்களைப் பழக்க வேண்டும், சம்பளம் உயர்த்தித் தருகிறேன் என்றேன். மகிழ்ந்துபோவான் என்று நினைத்தேன். நகத்தைப் பார்த்துக்கொண்டே, "சம்பளத்துக்கு வரமாட்டேன் மாமா" என்றான்.

"பின்ன?"

"பங்கு. அப்புறம் நம்ம கடையில என் மேசை அந்த நடையில இருக்கக் கூடாது. முன்னாடி, கண்ணாடிக்குப் பக்கத்துல. போறவன் வர்றவன் பாக்கணும்."

"பெட்டி கெட்டுப்போகும்னு நினைக்கமாட்டானா?"

"கெட்டுப்போனா இங்க ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்னு நினைப்பான்."

மனைவியிடம் முறையிட்டேன். "தம்பி கேக்கறதுல என்ன தப்பு? ரெண்டு பேருமே எங்க வீட்டு ஆளுங்கதான். எவ்வளவுன்னு மட்டும் பேசுங்க" என்று சாப்பாட்டை எடுத்து வைத்தாள். இந்த வீட்டில் பேரம் பேசத் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை.

மார்ச் 27, வெள்ளி

போன் இல்லை. போன் அடித்தால் ஓடுகிறேன். அடிக்காவிட்டாலும் ஓடுகிறேன்.

மார்ச் 30, திங்கள்

காலையில் மேடமே கடைக்கு வந்தார், தாளோடும் ரிப்பன் கட்டிய பெட்டியோடும். பெட்டியை நேரே ஊசியிடம் கொடுத்தார். தாளை என்னிடம் கொடுத்தார். மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு வரியை மாற்றச் சொன்னாள், மேடம் மாற்றினார். கையெழுத்துப் போட்டேன். தலைப்பு வாரண்டி என்று அச்சகக்காரருக்கு ஒருவழியாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையைத் தூக்கி முன்னால் போட்டோம். கண்ணாடிக்குப் பக்கத்தில் இரண்டு அலமாரி நின்ற இடம் போய்விட்டது.

மேடத்தோடு முடிந்தது: எல்லாக் கிளைகளிலும் என் பெயரிலேயே பெட்டி. வாரண்டி ஒரு வருடம். புதுசா அதே பெட்டியா என்பது வாங்கியவர் சொல்வது. மாற்றிக் கொடுக்கும் பெட்டி என் செலவு, பழுது பார்க்க இடமும் விளக்கும் அவர்கள் செலவு. அதே பெட்டி என்றால் ஒரு வாரத்துக்குள் கைக்கு வர வேண்டும்; வராவிட்டால் அதையும் கொடுத்துப் புதுசும் கொடுக்க வேண்டும். சரக்குக்குப் பணம் முப்பது நாளில்.

ஊசியோடு முடிந்தது: லாபத்தில் அவன் கேட்டது மூன்றில் ஒன்று, நான் சொன்னது ஐந்தில் ஒன்று. முடிவானது நான்கில் ஒன்று.